ஐந்தாவது சாமியார்

ஏப்ரல் 17, திங்கள்

தியானம் கொடுக்க வந்த ஃபாதர், இந்த வருடம் வெள்ளிவிழாக் காணும் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார். மே 31 வரை எழுத வேண்டுமாம். "கடவுளுக்கு நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்?" என்பது கேள்வி. என் பதில் ஒரு வரியில் முடிந்துவிட்டது: இருபத்தைந்து வருடம், வலது முழங்கால், தலைமுடி. மிச்சப் பக்கங்கள் வீணாகக்கூடாது என்பதால் நடப்பதை எழுதுகிறேன். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவன் காகிதத்தை வீணாக்கக்கூடாது.

முதல் தாளில் கட்டம் போட்டிருக்கிறது. பெயர்: மதலைமுத்து. வயது: ஐம்பத்தொன்று. ஊர்: புங்கஞ்சேரி. வேலை: திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் சபை நடத்தும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியர். நிலை: பிரதர்.

இந்தக் கடைசிக் கட்டம்தான் தகராறு. பிரதர் என்றால் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடும் கொடுத்த துறவி. ஆனால் சாமியார் இல்லை. பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. சாமியாருக்குப் படிக்கிற பையன்களையும் ஜனங்கள் பிரதர் என்றே கூப்பிடுவதால், என்னை இருபத்தைந்து வருடமாகப் படித்துக்கொண்டே இருப்பவன் என்று நினைக்கிறார்கள். பஸ்ஸில் ஒருவர் மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்: "எத்தனை அரியர் சார் இருக்கு?"

ஏப்ரல் 20, வியாழன்

என் அண்ணன் சந்தியாகு வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பியிருக்கிறார். மே 31 அன்று புங்கஞ்சேரி புனித சூசையப்பர் கோவிலில் "குருத்துவ வெள்ளிவிழா நாயகர் அருட்தந்தை மதலைமுத்து அவர்கள்" நன்றித் திருப்பலி நிறைவேற்றுகிறாராம். நடுவில் என் முகம். முகத்துக்குக் கீழே சரிகை வேலை செய்த பூசை உடுப்பு. போன் செய்தேன்.

"போஸ்டர் பாத்தியா?" என்றார் அண்ணன்.

"பார்த்தேன். இது யாரு?"

"நீதாண்டா. கலரைக் கொஞ்சம் தூக்கிட்டாங்க."

"கழுத்துக்குக் கீழே?"

"அது நம்ம பழைய பங்குச் சாமியாரு. அவர் போட்டோதான் கடையில இருந்துச்சு. ஒடம்புல என்ன இருக்கு."

"அண்ணே, நான் ஃபாதர் இல்ல."

"தெரியும்டா. ஒரு போஸ்டர்ல எல்லாத்தையுமா வெளக்க முடியும்?"

ஏப்ரல் 22, சனி

எங்கள் இல்லத் தலைவர் பிரதர் செபஸ்தியானிடம் போஸ்டரைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கவலைப்பட்டார்.

"உங்க ஊர் விழாவுக்குப் புரொவின்சியல் வர்றாரு பிரதர். இது அவர் கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

எங்கள் சபையின் மேலதிகாரியான புரொவின்சியலும் பிரதர்தான். "துறவறச் சகோதரரின் தனி அடையாளம்" என்ற தலைப்பில் சென்ற வருடம் சபைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசியவர். அந்த அடையாளத்தை நாங்கள் அன்று உறங்கியே காப்பாற்றினோம்.

"சரி பண்ணிடுங்க. இல்லன்னா ஊர் விழாவே வேண்டாம்னு சொல்லிடுவாரு" என்றார் செபஸ்தியான்.

விழா இல்லாமல் போனால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது என் ஊர்க் கோவிலில், நான் என்னவாக இருக்கிறேனோ அதுவாக நிற்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதிகப்படியான ஆசை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

புங்கஞ்சேரி பங்குத்தந்தை ஃபாதர் கஸ்பாருக்குப் போன் செய்தேன். சின்ன வயது. ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

"வணக்கம் ஃபாதர், நான் மதலைமுத்து பேசறேன். பிரதர்."

"ஆ, சொல்லுங்க ஃபாதர். எந்த பிரதரைப் பத்தி?"

ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் நல்லவர், உடனே புரிந்துகொண்டார். திருப்பலியைத் தானே நிறைவேற்றுவதாகவும், நான் வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தால் போதும் என்றும் சொன்னார். வைக்கப் போகும் நேரத்தில் ஒன்றைச் சேர்த்தார்.

"ஆனா ஒண்ணு புரியல பிரதர். போன தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் கேக்க ஆள் பத்தலைன்னு சொன்னப்ப, நாட்டாமை உங்க பேரைத்தான் சொன்னாரு. ஒம்போது வருஷம் முன்னாடி ஊர்ல கேட்டிருக்காரு, பழக்கம்தான்னாரு."

வேறு யாரையாவது சொல்லியிருப்பார் என்றேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, வியாழன்

வெர்னியர் அளவி ஒன்று காணவில்லை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். பூசை முடிந்து கோவிலுக்குப் பக்கத்து ஹாலில் ஊர்க் கூட்டம். நாட்டாமை வியாகுலம் நடுவில். எழுபது வயது. ஊர் விவகாரம் எதையும் கடவுளிடம் விட்டுவிடாமல் தானே பார்த்துக்கொள்பவர். அவருடைய கணக்கு எனக்கு இன்றுதான் முழுசாகப் புரிந்தது. புங்கஞ்சேரி திருச்சபைக்குக் கொடுத்தது நாலு சாமியார், பதினோரு கன்னியாஸ்திரி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலவெளி கொடுத்தது ஐந்து சாமியார், ஒன்பது கன்னியாஸ்திரி. தேர்பவனியில் எந்த ஊர்க் கொடி முன்னால் போவது என்ற சண்டை வரும்போதெல்லாம் இந்த எண்ணிக்கையை எடுத்துப் போடுகிறார்கள். கன்னியாஸ்திரியில் இரண்டு கூடுதலாக இருப்பதை மேலவெளிக்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, இருபத்தைந்து வருடமாக நான் ஐந்தாவது.

"நாட்டாமை, நான் குருப்பட்டம் வாங்கல."

"வாங்கல. சரி. ஆனா கல்யாணம் பண்ணல?"

"பண்ணல."

"வெள்ளை அங்கி போடறீங்க?"

"விழாவுக்குப் போடுவேன்."

"காலையில எழுந்து ஜெபம் சொல்றீங்க?"

"சொல்றேன்."

"பாருங்க. நாலுல மூணு சரியா இருக்கு. நம்ம பசங்க முப்பத்தஞ்சு மார்க்குக்கே கேக் வெட்றாங்க."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. இயேசு மூன்று வருடம் போதித்தார், அதைச் சாமியார்கள் செய்கிறார்கள். அதற்கு முன் முப்பது வருடம் நாசரேத்தில் தச்சு வேலை செய்துகொண்டு பேர் தெரியாமல் இருந்தார், அந்த முப்பது வருடத்தை வாழ்கிறவர்கள்தான் பிரதர்கள் என்று சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம். நல்ல குரலில் சொன்னேன்.

நாட்டாமை யோசித்தார். "ஆனா அந்த முப்பது வருஷத்தைப் பத்தி பைபிள்லயே ஒண்ணும் இல்லையே, சாமி."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சவரியம்மாள் எழுந்தார். அம்மாவோடு நடவுக்குப் போனவர். "கோவிச்சுக்காத சாமி. கல்யாணமும் பண்ணல, பூசையும் வெக்கல. அப்ப ஒனக்கு என்னதான் கெடச்சுது?"

கேலி இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மைக் இரைந்தது.

முடிவாக ஒரு சமரசம் சொன்னார்கள். வருஷம் பூரா நான் பிரதராக இருந்துகொள்ளலாம், அவர்களுக்கு ஆட்சேபனை இல்லை. மே 31 ஒரு நாள் மட்டும் ஊருக்காகச் சாமியாராக இருக்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு. பிலோமினா அண்ணி பரிமாறினார். அண்ணன் கை கழுவப் போன நேரத்தில் சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார்: "அத்தைக்குச் சொல்லாததை இவங்களுக்கு மட்டும் ஏன் தம்பி சொல்றீங்க?"

என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ரசம் கேட்டேன்.

மே 4, வியாழன்

ஃபிட்டர் பிரிவில் முதல் வேலை அரம் பிடிப்பது. ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, நாலு பக்கமும் நேராக ராவச் சொல்வோம். மூன்று வாரம் ராவ வேண்டும். எந்தப் பக்கத்தைச் சரிசெய்தாலும் எதிர்ப்பக்கம் கோணும். கடைசியில் துண்டு சிறியதாகி, நேராகி, எதற்கும் பயன்படாததாகிவிடும். அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டுத் தூக்கிப் போடுவோம். பழகின கை மட்டும் மிஞ்சும். சவரியம்மாளிடம் இதைச் சொல்லியிருக்கலாம் என்று இன்று பட்டறையில் தோன்றியது. "அதுக்கு ஏன் சாமி கல்யாணம் பண்ணாம இருக்கணும்?" என்று கேட்டிருப்பார்.

நாட்டாமைக்குக் கடிதம் எழுதினேன். "அருட்தந்தை" என்பதை "அருட்சகோதரர்" என்றும், "குருத்துவ வெள்ளிவிழா" என்பதை "துறவற வெள்ளிவிழா" என்றும் மாற்ற வேண்டும். நான் திருப்பலி நிறைவேற்ற மாட்டேன், பங்கேற்பேன். மூன்றே திருத்தம். ஒரு குழந்தையும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாத கடிதம்.

மே 8, திங்கள்

திருத்திய போஸ்டர் வந்துவிட்டது. மூன்று திருத்தமும் இருக்கின்றன. அத்தோடு, என் பெயருக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு புது வரி: "விரைவில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட இருக்கும்."

உடுப்பு அதேதான்.

மே 11, வியாழன்

அண்ணனிடம் சண்டை போட்டுவிட்டேன். இந்த நோட்டில் பொய் எழுதக்கூடாது என்பதால், கத்தினேன் என்றே எழுதுகிறேன். மெக்கானிக்கல் டிராயிங் வகுப்பு பூரா ஜன்னல் வழியாகக் கேட்டது.

"அந்த சிவப்பு வரியை யாரு சேர்த்தது?"

"நான்தான்."

"ஏன்ணே?"

"ஊர்ல கேக்கறாங்கடா. அப்ப அவரு சாமியாரே இல்லையான்னு. என்னத்தச் சொல்றது? இன்னும் ஆகல, ஆகப் போறாருன்னேன்."

"ஆகப் போறதில்ல. எனக்கு வேண்டாம். நான் கேட்டு வாங்கினது இதுதான். ஊருக்கு நாலு சாமியார் போதும். மேலவெளிக்காரன் கொடி முன்னால போனா போகட்டும்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கொடி கெடக்குதுடா" என்றார். குரல் மாறியிருந்தது. "அம்மா உங்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தானே கண்ண மூடுனாங்க. ஊருக்கே தெரியும். நீ முழுசா ஃபாதர் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்காவது உனக்குப் பவர் இருக்குன்னுதான் நெனச்சேன். இப்ப ஒண்ணுமே இல்லைன்னு மைக்ல சொல்றே. அப்ப அம்மா என்னடா ஆச்சு?"

வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வகுப்பு இல்லை.

மே 12, வெள்ளி

நடந்தது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன், அம்மாவுக்குக் கடைசி நாட்கள். நான் லீவில் போயிருந்தேன். அம்மா மகனிடம் மனம்விட்டுப் பேசினார். மகன் கேட்டுக்கொண்டான். எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. ஊர் இதற்கு வேறு பெயர் வைத்தால் நான் பொறுப்பாளி அல்ல.

நன்றாக இருக்கிறது. படித்துப் பார்த்தேன். புரொவின்சியல் எழுதியது போல இருக்கிறது.

மே 16, செவ்வாய்

காணாமல் போன வெர்னியர் அளவி என் மேசை டிராயரில் இருந்தது. மூன்று மாணவர்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. இனிமேல் கேட்க வேண்டாம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை எழுதியதில் சில விவரங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அம்மா என்னை அன்று தம்பி என்று கூப்பிடவில்லை. "சாமி" என்றார். "என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவியாயிருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். அது மகனிடம் பேசத் தொடங்கும் முறை இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் திருத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் துறவறச் சகோதரரின் தனி அடையாளத்தை விளக்க முடியாது.

விளக்க வேண்டியிருக்கவில்லை. "இருங்கம்மா, ஃபாதரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றால் போதும். நாலு சொல்.

மே 21, ஞாயிறு

மழை. செபஸ்தியானுக்குச் சளி. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கீழ்ப்படிதலில் இதுவும் சேரும் என்றார்.

மே 23, செவ்வாய்

எழுதி முடித்துவிடுகிறேன்.

பங்குச் சாமியார் வீடு இரண்டு கிலோமீட்டர். அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. மதியம் மூன்று மணி. அண்ணி அறை வாசலில் நின்று கேட்டார்: "ஃபாதருக்குப் போன் போடட்டுமா தம்பி?"

நான் சொன்னேன்: "வேண்டாம் அண்ணி. நான் இருக்கேன்ல."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும். அவர் சித்தப்பா ஒரு பிரதர். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அம்மா இருபது நிமிடம் பேசினார். பெரும்பாலும் சின்ன விஷயங்கள், அறுபது வருடமாகச் சேர்த்து வைத்தவை. அண்ணனைப் பற்றி ஒன்று சொன்னார். பேத்தி கல்யாணத்தில் வந்த சண்டையால் அண்ணன் அவரிடம் பதினாலு மாதம் பேசாமல் இருந்தார்; ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அம்மா சொன்னது அண்ணனுக்கு ஆறுதலான செய்தி இல்லை. இதற்கு மேல் இந்த நோட்டிலும் எழுத மாட்டேன்.

முடிந்ததும் கண்ணை மூடிக் காத்திருந்தார். நான் வலது கையைத் தூக்கினேன். பாவமன்னிப்புச் சொற்களைச் சொல்லவில்லை என்று ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். உதடு அசைந்தது. என்ன சொன்னது என்று உதட்டைத்தான் கேட்க வேண்டும்.

வெளியே வந்தேன். அண்ணன் வாசலில் செருப்போடு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாங்களா?" என்றார்.

"ம்" என்றேன்.

அம்மா அன்று ராத்திரி போய்ச் சேர்ந்தார்.

யாராவது என்னை ஃபாதர் என்று கூப்பிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது என்று தியான ஃபாதர் ஒரு தடவை கேட்டார். ஜனங்களின் அறியாமை என்றேன். அந்த இருபது நிமிடமும் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

மே 26, வெள்ளி

மறைமாவட்ட முதியோர் இல்லத்தில் ஓய்வில் இருக்கும் ஃபாதர் பிரகாசியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எண்பத்திரண்டு வயது. காது கொஞ்சம் மந்தம். முக்கியமான இடத்தில் "சத்தமா சொல்லுங்க" என்றார். தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

குரு அல்லாதவன் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஃபாதர் அதைப் பற்றி என்னை ஒன்றும் பயமுறுத்தவில்லை. கேள்விதான் கேட்டார்.

"அம்மா உங்களை ஃபாதர்னு நெனச்சாங்க?"

"ஆமா ஃபாதர்."

"நீங்க உங்களை என்னன்னு நெனச்சீங்க?"

கீழே கிடந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். ஃபாதர் அவசரப்படவில்லை. அந்த வயதில் அவசரப்பட ஒன்றும் இல்லை போலும்.

அம்மாவின் நிலையைக் கேட்டேன். "அவங்க பண்ணது நல்ல பாவசங்கீர்த்தனம்" என்றார். "கேட்ட ஆள்தான் சரியில்ல. அதுக்கு அவங்களை ஆண்டவர் நிறுத்தி வெக்க மாட்டாரு."

பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். குரு இல்லை என்பதால் அன்று கேட்டது என் சொத்தாகிவிடாது. அம்மா அதைக் கடவுளிடம் சொன்னார். நான் இடையில் நின்றேன். ஆகவே யாரிடமும் சொல்லக்கூடாது, குருவைப் போலவே.

"குருவுக்கு இருக்கிற அதிகாரம் இல்ல, பாரம் மட்டும் எனக்கா ஃபாதர்?"

"ஆமா. எடுத்தது நீங்கதானே."

பரிகாரம்: ஊர் விழாவில் நான் யார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நடந்த கதை வேண்டாம். நான் யார் என்பது மட்டும்.

மே 29, திங்கள்

உரை எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. ராவினேன். அரைப் பக்கம். நாளை மதியம் புங்கஞ்சேரி பஸ்.

மே 31, புதன்

எங்கள் ஊர்ப் பெண்கள் அரிசி மாவில் கோலம் போட்டிருந்தார்கள். கொட்டு, வெடி, மாலை. போஸ்டர்களில் சிவப்பு வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஃபாதர் கஸ்பார் சொல்லிச் செய்ததாம். உடுப்பு மட்டும் அப்படியே. புரொவின்சியல் ஒரு போஸ்டரின் முன் நீண்ட நேரம் நின்றார். "நல்ல துணி" என்றார்.

ஃபாதர் கஸ்பார் பூசை வைத்தார். பீடத்தின் முன் முழந்தாளிட்டு வார்த்தைப்பாட்டைப் படித்தேன். வலது முழங்கால் சத்தம் போட்டது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இருபத்தைந்து வருடத்துக்கு முன் இதைப் படித்தபோது ஒவ்வொன்றும் நான் கொடுக்கிற பரிசு என்று நினைத்தேன். இன்று மூன்றுமே மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. அதில் தப்பொன்றும் இல்லை என்று தோன்றியது.

பூசை முடிவில் மைக்கைக் கொடுத்தார்கள். அரைப் பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டுப் பேசினேன்.

"நான் சாமியார் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இனிமேல் ஆகப்போவதும் இல்லை. பூசை வைக்கவோ பாவத்தை மன்னிக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது. என்னைச் சாமியார் என்று நீங்கள் நினைத்தது உங்கள் தப்பு இல்லை. நினைக்க விட்டது என் தப்பு. இதைத் தாழ்ச்சியாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்."

சவரியம்மாள் முதலில் கை தட்டினார். கோவிலே தட்டியது. "பாத்தியா, என்ன தாழ்ச்சி" என்று முதல் வரிசையில் யாரோ சொன்னது மைக்கிலேயே விழுந்தது. புரொவின்சியல் கைக்குட்டையை எடுத்தார். நாட்டாமை மாலை போட வந்து என் காதருகே குனிந்தார்.

"புரிஞ்சிடுச்சு. நாலரைன்னு வெச்சுக்குவோம்."

பிரியாணி. எல்லோரும் கிளம்ப நாலு மணி ஆனது. கோவில் முற்றத்தில் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய் அடுக்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் வெயிலில் இதைத் தனியாகச் செய்யக்கூடாது.

"பூசையில சொன்னியே. நெசமா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"நெசம்ணே."

"அம்மா விஷயத்துலயும்?"

"அதுலயும். அன்னைக்கு நான் ஃபாதரைக் கூட்டிட்டு வந்திருக்கணும். நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். நீ கேட்டப்ப ம்ன்னேன். அந்த ம் பொய்."

அண்ணன் நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அம்மாவைப் பற்றி ஃபாதர் பிரகாசியார் சொன்னதைச் சொன்னேன், நல்ல பாவசங்கீர்த்தனம், கேட்டவன்தான் சரியில்லை என்று. கேட்டாரா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது பாவசங்கீர்த்தனமே இல்ல."

"சட்டப்படி இல்ல."

"அப்ப அம்மா சொன்னதை நீ சொல்லலாம்ல."

இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"ஒம்போது வருஷமா கேக்கல" என்றார் அண்ணன். "சாமியார்கிட்ட சொன்னதைக் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். நீதான் சாமியார் இல்லையே. சொல்லு. என்னப் பத்தி எதாவது சொன்னாங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அம்மா செத்த அன்று வாசலில் செருப்போடு நின்ற அதே முகம். ஆறுதலாக ஒரு பொய் நாக்கு வரை வந்தது. அது எளிது, அந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்று சொன்னவன் நான். உண்மையும் வந்தது. இரண்டையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"சொல்ல மாட்டேன்ணே."

"நான் உன் அண்ணன்டா."

"தெரியும்."

"நல்லதா கெட்டதா, அது மட்டும் சொல்லு."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்னைக்கும் சொல்ல மாட்டேன். கேக்காதே."

அண்ணன் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெற்றிச் சுருக்கம் மெதுவாகத் தளர்ந்தது. எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை அடுக்கின் மேல் வைத்து, ஒரு தட்டுத் தட்டினார்.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை இப்படித்தான் காப்பாத்துவாங்க" என்றார். "உள்ள எதுவும் இல்லாதவன் இப்படி வாயை மூட மாட்டான். அம்மா நல்லபடியாத்தான் போயிருக்காங்க. நீ சாமியார்தாண்டா."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தைப்பாடு, குருப்பட்டம், நாசரேத்தில் முப்பது வருடம், எல்லாம் வரிசையில் நின்றன. அண்ணன் அடுத்த வரிசை நாற்காலிகளுக்குப் போய்விட்டிருந்தார். பழைய மாதா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். அவர் பாடி நான் கேட்டு வெகு காலம் ஆகிறது.

அடுக்கின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.